தக்காடா வத்தாரு

தக்காடா வத்தாரு (ஜனவரி 1, 1949 - ஏப்ரல் 16, 2005) ஜப்பானைச் சேர்ந்த நாட்டார் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். ஜப்பானிய வழக்கப்படி தக்காடா என்பது இவரது குடும்பப் பெயர், வத்தாரு என்பது இவரது இயற்பெயர். 1960களின் இறுதியில் ஜப்பானில் எழுந்த எதிர்ப்புப் பாடல் அலையில் ஓர் அங்கதப் பாடலின் மூலம் அறியப்பட்டார். பின்னர் அவ்வழியை விட்டு விலகி, எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் பேசும் கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடினார். 1971 இல் வெளிவந்த இவரது கோஐசாத்சு (வணக்கவுரை என்பது பொருள்) என்னும் இசைத்தொகுப்பு, ஜப்பானிய மொழியில் அமைந்த நாட்டார் ராக் இசையின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

தக்காடா கிஃபு மாகாணத்தின் கித்தாகாத்தா என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் ஒரு காலத்தில் வசதியுடன் வாழ்ந்தது. தந்தை ஒரு கவிஞர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். தக்காடாவிற்கு எட்டு வயதானபோது தாயார் இறந்தார். தந்தை தம் மகன்களை அழைத்துக்கொண்டு தோக்கியோவிற்குக் குடிபெயர்ந்தார். அங்கு வறியோருக்கான விடுதியில் தங்க நேர்ந்த அளவிற்குக் குடும்பம் வறுமையுற்றது. தந்தை நாட்கூலி வேலைகள் செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

நடுநிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததும் தக்காடா அச்சகம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். ஜப்பான் பொதுவுடைமைக் கட்சியின் நாளேடான அகஹத்தாவை அச்சிட்டு வந்த அச்சகம் அது. கையெழுத்துப் படியைப் பார்த்து, அதற்குரிய ஈய எழுத்துகளைப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது இவரது வேலை. ஆயிரக்கணக்கான எழுத்துருக்களைக் கொண்ட ஜப்பானிய மொழியில் இது கடினமான பணியாகும். பிற்காலத்தில் பிறர் எழுதிய சொற்களைத் தேடித் தேர்ந்தெடுப்பதே இவரது கலையாகவும் அமைந்தது.

அக்காலத்தில் வூடி கத்ரி, பீட் சீகர் ஆகிய அமெரிக்க நாட்டார் பாடகர்களின் இசைத்தட்டுகள் இவரைக் கவர்ந்தன. அமெரிக்கா சென்று நாட்டார் இசை கற்க விரும்பிய இவர், பீட் சீகருக்குக் கடிதமும் எழுதினார். 1966 முதல் இவர் எழுதிய நாட்குறிப்புகளில் இவ்விருப்பம் விரிவாகப் பதிவாகியுள்ளது. 1967 இல் தந்தை இறந்ததையடுத்துச் சிறிது காலம் சாகா மாகாணத்தில் உறவினர்களுடன் வாழ்ந்து, பின்னர் தோக்கியோவிற்குத் திரும்பி மாலைநேரப் பள்ளியில் பயின்றார்.

எதிர்ப்புப் பாடகர்

1968 கோடையில் கியோத்தோவில் நடைபெற்ற மூன்றாவது கன்சாய் நாட்டார் பாடல் முகாமில் தக்காடா பாடினார். வியட்நாம் போருக்கும், ஜப்பான்-அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கும் எதிராக மாணவர் போராட்டங்கள் வலுத்திருந்த காலம் அது. அம்முகாமில் இவர் பாடிய, தற்காப்புப் படையில் சேருவோம் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய அந்தோரா என்னும் அமெரிக்கப் பாடலின் மெட்டில் அமைந்த இப்பாடல், படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தின் குரலிலேயே பேசி அப்படையை எள்ளி நகையாடுவதாகும்.

எள்ளல் என்று புரிந்துகொள்ளாத பாதுகாப்பு முகமை, இப்பாடலைத் தனது விளம்பரத்திற்குப் பயன்படுத்த விரும்பி அணுகியதாகக் கூறப்படுகிறது. பின்னர் உண்மைப் பொருள் வெளிப்பட்டதும் இப்பாடல் ஒலிபரப்பில் தவிர்க்கப்பட்டது. 1969 இல் யூஆர்சி நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டுகளுள் ஒன்றில், ஒரு பக்கம் தக்காடாவின் பாடல்களும் மறுபக்கம் 'ஐந்து சிவப்புப் பலூன்கள்' குழுவின் பாடல்களும் இடம்பெற்றன. பெரிய நிறுவனங்கள் வெளியிடத் தயங்கிய பாடல்களை உறுப்பினர்களுக்கு நேரடியாக வழங்கும் நோக்குடன் தொடங்கப்பட்டதே யூஆர்சி ஆகும்.

தக்காடாவிற்குப் புகழ் தேடித் தந்தது இப்பாடலே. எனினும் பிற்காலத்தில் இவர் இதனைப் பெரும்பாலும் பாடவில்லை. முழக்கங்களை விட, ஒரு மனிதன் உண்பதையும் உறங்குவதையும் கடன்படுவதையும் உள்ளவாறே பாடுவதில் இவரது நாட்டம் சென்றது.

கோஐசாத்சு

கியோத்தோவில் வாழ்ந்த காலத்தில் தக்காடா காப்பிக் கடைகளில் நெடுநேரம் செலவிட்டார். சான்ஜோவில் உள்ள இனோதா காப்பிக் கடையைக் குறிப்பிடும் காப்பி புளூஸ் என்னும் பாடல் அவ்வாழ்வின் பதிவாகும். 1971 இல் தோக்கியோவிற்குத் திரும்பி, கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் கோஐசாத்சுவை வெளியிட்டார். இதன் சில பாடல்களுக்கு ஹேப்பி எண்ட் குழுவினர் பின்னணி இசைத்தனர். ஜப்பானிய மொழியில் ராக் இசை பாடுவது இயலுமா என்ற விவாதம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அது இயலும் என்று காட்டிய குழு இது.

இத்தொகுப்பின் பல பாடல்களின் வரிகள் தக்காடாவினுடையவை அல்ல. தலைப்புப் பாடல் தனிகாவா ஷுந்தாரோவின் கவிதையாகும். லாங்ஸ்டன் ஹியூசின் கவிதைகள் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் இடம்பெற்றன. பேன்களின் பயணத்தைப் பற்றிய பாடல், மெய்ஜி, தைஷோ காலங்களில் தெருக்களில் அரசியல் அங்கதம் பாடிய சோயெதா அசென்போவின் (1872-1944) படைப்பாகும். கியோத்தோ கவிஞர் அரிமா தக்காஷி எழுதிய விலை உயர்வு என்னும் பாடல், விலையை உயர்த்தும் எண்ணமே இல்லை என்று தொடங்கும் ஓர் அதிகாரக் குரல், சொல்லைச் சிறிது சிறிதாக மாற்றி, முடிவில் விலையை உயர்த்தத் தீர்மானிப்பதைக் காட்டுகிறது. சொந்த வரிகளால் அமைந்த பாடல்களுள் மிதிவண்டிப் பயணத்தின் மகிழ்ச்சியைப் பாடும் பாடல் பெரிதும் அறியப்பட்டதாகும்.

இவற்றுள் யமானோகுச்சி பாக்குவின் (1903-1963) கவிதைகளுக்குத் தனி இடம் உண்டு. ஒக்கினாவாவின் நாஹாவில் பிறந்து தோக்கியோவிற்கு வந்த பாக்கு, பல ஆண்டுகள் வீடின்றி வாழ்ந்தவர். சூரை மீனையும் மத்தி மீனையும் பற்றிய இவரது கவிதை, 1954 இல் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையால் சூரை மீன்கள் கதிரியக்கத்திற்கு உள்ளானதை ஒரு வீட்டின் உணவு வேளையில் வைத்துப் பேசுகிறது. வாழ்வின் கோலம் என்று பொருள்படும் மற்றொரு கவிதை, புல்வெளியில் படுத்துறங்கும் நாடோடி, இலையுதிர்காலம் வந்ததும் குளிரால் அவ்வாறு உறங்க இயலாமற் போவதைச் சொல்கிறது. அமெரிக்காவின் கார்ட்டர் குடும்பத்தினரின் மெட்டை ஒட்டி அமைந்த இப்பாடல், தக்காடாவின் இறுதிக்காலம் வரை இவரது மேடைகளில் ஒலித்தது. வறியோர் விடுதியில் வளர்ந்த தக்காடா, இரக்கம் தேடும் தொனியின்றி இக்கவிதைகளைப் பாடினார்.

பிற்கால வாழ்வு

1971 இல் நண்பர்களுடன் முசாஷினோ தன்பொப்போ தான் என்னும் குழுவை அமைத்தார். அதே ஆண்டில் தமது பிறந்த மாகாணமான கிஃபுவில் நடைபெற்ற நாக்காத்சுகாவா நாட்டார் இசை விழாவிலும் பங்குகொண்டார். பெல்வூட் நிறுவனத்தின் மூலம் கெய்சு (1972), இஷி (1973) ஆகியவற்றையும், லாஸ் ஏஞ்சலசில் பதிவு செய்யப்பட்ட பிஷிங் ஆன் சண்டே (1976) தொகுப்பையும் வெளியிட்டார். அதன் பின்னர் இவர் வெளியிட்ட தொகுப்புகள் மிகச் சில. எனினும் நாடெங்கும் சிறிய அரங்குகளில் தொடர்ந்து பாடினார்.

தோக்கியோவின் கிச்சிஜோஜி பகுதி இவரது வாழ்விடமாகத் திகழ்ந்தது. அங்குள்ள இசேயா என்னும் மதுக்கடையில் இவரை அடிக்கடி காண முடிந்தது. மேடையிலேயே மது மயக்கத்தில் உறங்கிவிட்ட நிகழ்வுகளும் உண்டு. இரசிகர்கள் இதனை வேடிக்கையாகச் சொல்வது வழக்கமாயினும், குடிப்பழக்கம் இவரது உடல்நலத்தைப் பெரிதும் குலைத்தது.

1999 இல் யமானோகுச்சி பாக்குவின் கவிதைகளைக் கொண்ட தொகுப்பு ஒன்று ஒக்கினாவா இசைக்கலைஞர்களின் பங்களிப்புடன் வெளிவந்தது. 2001 இல் பர்பன் ஸ்ட்ரீட் புளூஸ் என்னும் தன்வரலாற்று நூல் வெளியாயிற்று. நடிகர் எமோத்தோ அகிராவின் முயற்சியில், தனாதா யூக்கியின் இயக்கத்தில் உருவாகி 2004 இல் திரையிடப்பட்ட தக்காடா வத்தாரு-தெக்கி என்னும் ஆவணப்படம் இவரைப் புதிய தலைமுறையினருக்கு அறிமுகப்படுத்தியது.

மறைவு

2005 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஹொக்கைடோவின் ஷிரானுகாவில் நிகழ்ச்சி ஒன்றை முடித்த பின் தக்காடா நோயுற்று வீழ்ந்தார். ஏப்ரல் 16 அன்று குஷிரோ நகர மருத்துவமனை ஒன்றில் தமது 56 ஆம் வயதில் காலமானார்.

இவரது மகன் தக்காடா ரென் பல இசைக்கருவிகளை மீட்டும் கலைஞர். தந்தையின் பாடல்களைப் பாடி 2015 இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். தக்காடாவின் இளமைக்கால நாட்குறிப்பும் அதே ஆண்டில் நூலாக வெளிவந்தது.