ஜனாதிபதியைத் தரையில் படுக்க வைத்தவர்

1903-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரே பரபரப்பு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வருகிறார். அவருக்காக உள்ளூர் பிரமுகர்கள் விருந்துக்கு ஏற்பாடு செய்து இருந்தார்கள்.

ஜனாதிபதி வந்தார். ஆனால் விருந்துக்குத் தங்கவில்லை. மீண்டும் குதிரை ஏறிப் போய், ஓர் அருவிக்கு எதிரே இருந்த புல்வெளியில் கம்பளியை விரித்துப் படுத்துவிட்டார்.

வெட்டவெளியில் அவருக்கு அது மூன்றாவது இரவு. முதல் இரவு, 2,000 ஆண்டுகளுக்கு மேல் வயதான ராட்சச மரங்களின் அடியில் கழிந்தது. இரண்டாவது இரவு மலை உச்சியில். அன்று பனி கொட்டியது. விடிந்து பார்த்தால் கம்பளியின் மேல் சில அங்குல உயரத்துக்குப் பனி! ஜனாதிபதிக்கு அதில் பரம சந்தோஷம்.

மூன்று இரவும் அவர் கூடப் படுத்து இருந்தவர் நீண்ட தாடி வைத்த ஒரு கிழவர். வயது 65. சர்க்கார் பதவி எதுவும் கிடையாது. அவர்தான் ஜான் மியூர்.

கிணற்றுக்குள் ஒரு வாலிபன்

ஜான் மியூர் 1838-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, ஸ்காட்லாந்தில் டன்பார் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். 8 பிள்ளைகளில் மூன்றாவது பிள்ளை. 1849-ல் குடும்பம் கப்பல் ஏறி அமெரிக்கா போய், விஸ்கான்சின் மாகாணத்தில் காட்டை அழித்துப் பண்ணை போட்டது.

தகப்பனார் டேனியல் பக்திமான். பக்தியைவிடக் கண்டிப்பு அதிகம். பைபிளை மனப்பாடமாக ஒப்பிக்காவிட்டால் அடி விழும். பண்ணையில் கிணறு வெட்ட வேண்டி இருந்தது. கீழே மணற்பாறை. வெடி வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. மகன் கையில் உளியையும் சுத்தியலையும் கொடுத்து இறக்கிவிட்டார் தகப்பனார். காலையில் வாளியில் இறங்கினால், நடுவே மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வந்துவிட்டு, இருட்டும் வரை உள்ளேதான். மாதக்கணக்கில் இப்படி. சுமார் 80 அடி ஆழத்தில் ஒரு நாள் விஷக்காற்று சூழ்ந்து மயங்கி விழப் போனான். எப்படியோ வாளியில் ஏறிக்கொள்ள, மேலே தூக்கினார்கள். ஓரிரு நாள் ஓய்வு. பிறகு மறுபடியும் அதே கிணறு! 90 அடியில் தண்ணீர் கண்டது.

பிற்காலத்தில் கூரைக்கு அடியில் படுக்கவே பிடிக்காத மனிதராக அவர் ஆனதற்கு அந்தக் கிணறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பகல் எல்லாம் வேலை. படிக்க நேரம் ஏது? நடுநிசி கடந்து 1 மணிக்கே எழுந்துகொள்வான். அந்த நேரத்தில் மரத்திலேயே கடிகாரங்கள் செய்தான். குறித்த நேரத்தில் தானே சாய்ந்து, தூங்குகிறவனை எழுப்பி நிறுத்தும் கட்டில் ஒன்றும் செய்தான். 1860-ல் மாகாணப் பொருட்காட்சியில் அந்தக் கட்டிலைப் பார்க்க ஏகக் கூட்டம். அந்தப் பெயர், அவரைக் கல்லூரி வரை கொண்டுபோய் விட்டது. பட்டம் வாங்காமலே 1863-ல் வெளியே வந்தார்.

போன கண் திரும்பியது

எந்திரத் தொழிலில் இருந்து இருந்தால் பெரும் பணக்காரர் ஆகி இருப்பார். 1867 மார்ச்சில், இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு இருந்தபோது, கையில் இருந்த அரம் நழுவி வலது கண்ணில் குத்திவிட்டது. அந்தக் கண் அவிந்தது. சில மணி நேரத்தில் மற்றக் கண்ணும் மங்கியது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்.

பார்வை திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், எந்திரங்களுக்கு ஒரு கும்பிடு போட்டதுதான். மெக்சிகோ வளைகுடாவை நோக்கி 1,000 மைல் நடந்தார். புளோரிடாவில் மலேரியா காய்ச்சல் வந்து படுத்தார். பிழைத்து எழுந்து, 1868-ல் கப்பலில் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். நகரத்தை விட்டு வெளியே போக எது கிட்டத்து வழி என்று விசாரித்தார். யோசெமிட்டிக்கு நடந்தே போனார்.

யோசெமிட்டி என்பது சுமார் 7 மைல் நீளப் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான கருங்கல் மலைகள். ஒரு பாறை 3,000 அடி உயரத்துக்குச் சுவர் போல நிற்கிறது. 2,425 அடி உயரத்தில் இருந்து ஓர் அருவி விழுகிறது. மியூர் அங்கே ஆடு மேய்த்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்தால் மலை ஏறிவிடுவார். துப்பாக்கி கிடையாது. பல சமயம் கம்பளிகூடக் கிடையாது. கட்டுச்சோற்று மூட்டைக்குப் பதிலாகக் காய்ந்த ரொட்டி, கொஞ்சம் தேயிலை, ஒரு தகரக் குவளை. எழுத ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான்.

1875-ல் 14,000 அடிக்கு மேல் உயரமான சாஸ்தா மலை உச்சியில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டார். அங்கே எரிமலையின் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அந்தக் கொதிசேற்றில் படுத்தே அவரும் ஒரு கூட்டாளியும் இரவைப் போக்கினார்கள். அடியில் முதுகு வெந்தது. மேலே சட்டை உறைந்தது.

இப்படி அலைந்ததில் ஒரு பெரிய உண்மை அகப்பட்டது. பள்ளத்தாக்கின் தரை திடீர் என்று கீழே இறங்கியதால் உண்டானதே யோசெமிட்டி என்று மாகாணத் தலைமை நில ஆராய்ச்சியாளர் விட்னி சொல்லி இருந்தார். இல்லை, ஆறு போல மெல்ல நகரும் பனிக்கட்டிதான் மலையைக் குடைந்தது என்றார் மியூர். ஆட்டிடையனின் உளறல் என்று விட்னி தள்ளிவிட்டார். மியூர் 1872-ல் உச்சியில் இருந்த ஒரு பனியாற்றில் முளைகளை அடித்து வைத்தார். 46 நாள் கழித்துப் போய் அளந்தார். நடு முளை 47 அங்குலம் நகர்ந்து இருந்தது. மியூர் சில இடங்களில் மிகைப்படுத்தினார் என்றாலும், பனியாறு பற்றிய அவர் கட்சியே பிற்காலத்தில் வென்றது.

எமர்சன் தங்கவில்லை

மலையின் அருமை பேசித் தெரியாது, ஓர் இரவாவது அங்கே படுத்தால்தான் தெரியும் என்பது மியூரின் திடமான எண்ணம். 1871-ல் பேரறிஞர் எமர்சன் யோசெமிட்டிக்கு வந்தார். ராட்சச மரங்களின் அடியில் ஓர் இரவு தங்கும்படி மியூர் கெஞ்சினார். எமர்சனுக்கு வயது 67. குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கூட வந்தவர்கள் பயந்து, அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எமர்சன் குதிரையைத் திருப்பித் தொப்பியை ஆட்டிவிட்டுப் போனார். மியூர் தனியே நெருப்பு மூட்டிப் படுத்தார்.

அடுத்தவர் தங்கினார். 1880-ல் கலியாணம் செய்துகொண்ட மியூர், மாமனாரின் பழத்தோட்டத்தில் பல வருஷம் பாடுபட்டார். பணம் சேர்ந்தது; உடம்பு கெட்டது. தோட்டத்தை விற்றாலும் சரி, மலைக்குப் போங்கள் என்று மனைவி லூயியே எழுதினார். 1889-ல் ஜான்சன் என்ற பத்திரிகை ஆசிரியரை மியூர் யோசெமிட்டியின் மேட்டுப் புல்வெளிக்குக் கூட்டிப் போனார். அங்கே பூக்களைக் காணோம். ஆட்டு மந்தைகள் வேரோடு தின்று தீர்த்து இருந்தன. இரவு நெருப்பு ஓரத்தில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மியூர் 2 கட்டுரைகள் எழுதினார். ஜான்சன் தலைநகரில் ஆட்களைப் பிடித்தார். 1890 அக்டோபர் 1-ந் தேதி யோசெமிட்டி தேசியப் பூங்கா பிறந்தது. பூங்கா என்றதும் பெஞ்சு போட்ட நகரப் பூங்காவை நினைக்க வேண்டாம். இது மலையும் காடும்.

1892-ல் சியரா சங்கம் தொடங்கியது. சாகும் வரை மியூரே அதன் தலைவர்.

ஒரு குறை பாக்கி இருந்தது. சுற்றிலும் மலைகள் தேசியப் பூங்கா. நடுவே இருந்த பள்ளத்தாக்கும் ராட்சச மரத் தோப்பும் மாகாண சர்க்காரின் கையில். நிர்வாகம் சரியில்லை. ரூஸ்வெல்ட் தனக்கு மியூரைத் தவிர வேறு துணை வேண்டாம் என்று கடிதம் எழுதியபோது, மியூர் உலகப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு இருந்தார். பிரயாணத்தை ஒத்திப் போட்டார். (பிறகு அந்தப் பிரயாணத்தில் இந்தியாவுக்கும் வந்து இமயமலையைப் பார்த்துப் போனார்.) மூன்று இரவும் நெருப்பு ஓரத்தில் ஜனாதிபதியிடம் பள்ளத்தாக்கைப் பற்றியே பேசினார். பெரிய வேட்டைக்காரரான ஜனாதிபதியிடம், மிருகங்களைக் கொல்லும் பிள்ளை விளையாட்டை எப்போது விடப் போகிறீர்கள் என்றும் கேட்டாராம்! 1906-ல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர் ரூஸ்வெல்ட்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மியூர் கண்ட அந்த மலை மனிதர் இல்லாத இடம் அல்ல. தலைமுறை தலைமுறையாக அவானீச்சி மக்கள் வாழ்ந்த மண் அது. 1851-ல் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் படை அவர்களைத் துரத்தியது. புல்லுக்கும் பூவுக்கும் உருகிய மியூர், செவ்விந்தியரைப் பற்றித் தம் ஆரம்ப நாட்களில் இழிவாகவே எழுதினார். அவர் வளர்த்த சங்கமே 2020-ல் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

யாரும் பார்க்காத பள்ளத்தாக்கு

அதே பூங்காவுக்குள் வடக்கே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு. அழகில் யோசெமிட்டியின் தங்கை. 1906-ல் பூகம்பத்திலும் தீயிலும் அழிந்த சான்பிரான்சிஸ்கோ நகருக்குத் தண்ணீர் வேண்டும். அங்கே அணை கட்டலாம் என்றார்கள். நகர மக்களின் தாகம் பொய் அல்ல. வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார் மியூர். எழுதினார், பேசினார், நண்பர்களை எல்லாம் திரட்டினார். 1909-ல் ஜனாதிபதி டாப்டையும் யோசெமிட்டியில் மலைப்பாதை வழியாக நடத்திக் கூட்டி வந்தார்.

அணைக் கட்சிக்கு ஒரு வலுவான வாதம் இருந்தது: ஹெட்ச் ஹெட்சிக்குப் போகிறவர்களே சொற்பம், யாருக்கு நஷ்டம்? மியூர் நெருப்பு மூட்டி ஒவ்வொருவராகத்தான் படுக்க வைக்க முடிந்தது. ஓட்டுப் போட்ட செனட்டர்கள் அந்தப் புல்லில் படுத்தவர்கள் அல்ல. 1913 டிசம்பரில் செனட் சபையில் 43-க்கு 25 என்று மசோதா நிறைவேறியது. 19-ந் தேதி ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்டார். 1923-ல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு இன்றும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

மியூருக்கு அப்போது வயது 75. மனைவி முன்பே இறந்துவிட்டார். பாழாய்க் கிடந்த பெரிய வீட்டில் தனியே உட்கார்ந்து அலாஸ்கா பிரயாணங்களைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்தார். மறு வருஷம் டிசம்பரில் பாலைவனத்தில் இருந்த இளைய மகள் ஹெலனைப் பார்க்கப் போனார். அங்கே நிமோனியா கண்டது. லாஸ் ஏஞ்சல்சில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1914 டிசம்பர் 24-ந் தேதி உயிர் பிரிந்தது. முடியாத அலாஸ்கா புத்தகத்தின் தாள்கள் கட்டில் பக்கத்தில் கிடந்தன.