செயற்கை இடுப்பு மூட்டும் சர் ஜான் சார்ன்லியும்

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், இந்தச் செயற்கை மூட்டு எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் இங்கிலாந்து நாட்டு எலும்பியல் அறுவை மருத்துவர் சர் ஜான் சார்ன்லி.

அவர் 1911ஆம் ஆண்டு லங்காஷயரில் உள்ள பெரி என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோதே கருவிகளை வடிவமைப்பதில் அவருக்கு ஈடுபாடு மிகுந்தது. பட்டத்தால் மருத்துவரான அவர், சிந்தனையால் பொறியாளர் எனலாம். ஒட்டு வைத்த எலும்பு எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதை அறியத் தம் கால் எலும்பிலேயே அறுவை செய்யச் சொல்லி, அதில் சீழ்ப்பிடித்துத் துன்புற்றதும் உண்டு.

1950களில் வேறொரு முறையில் அக்ரிலிக் மூட்டு பொருத்தப்பட்ட நோயாளி ஒருவரைச் சார்ன்லி கண்டார். அவர் முன்புறம் சாயும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கீச்சென்ற ஒலி எழும். மற்றவர்கள் அதை ஒரு விந்தையாகக் கடந்துவிட, சார்ன்லி அதில் உராய்வைக் கண்டார். இயற்கை மூட்டின் குருத்தெலும்பு, பனிக்கட்டியின் மேல் வழுக்குவதைவிடவும் எளிதாக வழுக்கிச் செல்லும். செயற்கை மூட்டிலோ உராய்வு மிகுதி. அந்த விசையே மூட்டை எலும்பிலிருந்து மெல்ல மெல்லத் தளர்த்தும். எனவே கிண்ணத்தை வழவழப்பான பொருளாலும், பந்தை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உலோகக் குண்டாகவும் அமைத்தார். பந்து சிறிதானால் உராய்வின் திருப்புவிசையும் குறையும் என்பது அவர் கணக்கு. பல் மருத்துவத்தில் வழங்கிய அக்ரிலிக் சிமெண்ட்டைக் கொண்டு இரண்டையும் எலும்பில் பதித்தார்.

கிண்ணத்துக்கு அவர் முதலில் தேர்ந்தது டெஃப்லான். ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அது பொருத்தப்பட்டது. அவர்கள் வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்களைச் சுற்றி உடல் அழற்சிக் கட்டிகளை உருவாக்கி, எலும்பையும் அரித்தது. சார்ன்லி அத்துகளைத் தம் தொடையிலேயே ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். அங்கும் அழற்சி தோன்றியது. அதன்பின் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டார். அதே நோயாளிகளுக்கு மறு அறுவைச் சிகிச்சையும் செய்தார். இந்தப் பகுதியே அவர் வாழ்வில் மிகக் கடினமானதும், என் கருத்தில் மிக மதிக்கத்தக்கதும் ஆகும்.

1962இல் ஒரு விற்பனையாளர், நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். அவருடைய தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் ஒதுக்கவில்லை. அதைத் தேய்மானப் பொறியில் இட்டு இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது மூன்று வாரங்களில் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அது நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றும் மேம்படுத்தப்பட்ட பாலிஎத்திலீனே பெரும்பாலான கிண்ணங்களின் உட்பகுதியாக உள்ளது. தேய்மானம் இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அடுத்து நோய்த்தொற்று. தொடக்கத்தில் 100 பேரில் 7 பேர் அளவுக்கு அது ஏற்பட்டது. முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில், வடிகட்டிய தூய காற்று பாயும் அறுவைக் கூடத்தையும் உடல் முழுவதும் மூடும் உடையையும் சார்ன்லி அமைத்தார். எண்ணிக்கை 1-க்கும் கீழே இறங்கியது. அறுவைக்குப்பின் காயத்தில் கசிவு, காய்ச்சல், புதிய வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நீங்கள் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

1974இல் லாஸ்கர் விருதும் 1977இல் சர் பட்டமும் பெற்ற அவர், 1982இல் மறைந்தார். தம் நோயாளிகளிடம் அவர் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: இறந்தபின் அந்த மூட்டை எடுத்து ஆராய அனுமதிக்க வேண்டும் என்பது. பலர் இசைந்தனர். பல ஆண்டுகள் நடந்து தேய்ந்த அந்த மூட்டுகளை ஆராய்ந்தே, எலும்பும் சிமெண்ட்டும் உடலுக்குள் எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்பதை மருத்துவர்கள் அறிந்தனர்.