டைனமோவைத் தந்த கொல்லர் மகன்

சைக்கிள் சக்கரத்தோடு உராய்ந்து சுழன்று, விளக்கை எரியவைக்கும் டைனமோவை நம் தாத்தாமார் அனைவரும் அறிவர். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவாராம்! அவர்கள் சொல்லக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். இன்று பாட்டரி விளக்குகள் மலிந்துவிட்டன. ஆயினும் நெடுந்தூரம் சைக்கிளில் செல்வோர் மீண்டும் டைனமோவையே நாடுகின்றனர். விளக்குக்கு மட்டுமன்று, கைபேசியைச் சார்ஜ் செய்யவும் அது உதவுகிறது. கால்கள் மிதிக்கும்வரை தீராத மின்சாரம் அன்றோ அது! அந்த மின்சாரத்தின் ரகசியத்தைக் கண்டறிந்தவர், எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் மட்டுமே பள்ளியில் கற்ற ஒரு கொல்லரின் மகன். அவர் பெயர் மைக்கேல் பாரடே.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். அடிக்கடி நோயுற்றுப் படுக்கையில் விழுபவர். தாய் மார்கரெட். பிள்ளைகள் நால்வரில் பாரடே மூன்றாமவர். 1801இல் விலைவாசி ஏறி வறுமை வாட்டியபோது, பத்து வயதுகூட நிரம்பாத பாரடேக்கு ஒரு ரொட்டி கொடுத்து, அதை ஒரு வாரத்திற்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். காலை உணவு பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கும் நாங்கள் இதைப் படித்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. அடுத்த ஆண்டு அங்கேயே பைண்டிங் தொழில் கற்கும் மாணவரானார். ஏழு ஆண்டுகள் கட்டணமின்றிக் கற்பித்தார் அந்த நல்ல முதலாளி. பாரடேயோ தைப்பதற்கு வந்த புத்தகங்களைத் தைப்பதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் கையில் கிடைத்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள் என்ற நூலும் கிடைத்தது. ஓர் ஆசிரியை இரண்டு சிறுமியருக்குப் பாடம் சொல்வதுபோல் அமைந்த நூல் அது. முதற்பதிப்பில் ஆசிரியர் பெயரே இல்லை. பெண் எழுதியது என்றால் ஏற்பார்களோ என்ற காலம். அந்த நூலில் சொன்ன சோதனைகளைத் தம் சில்லறைக் காசில் செய்து பார்த்து, அவை உண்மை என்று கண்ட பிறகே பாரடேக்கு வேதியியலில் நம்பிக்கை பிறந்தது. பிற்காலத்தில் புகழ் பெற்றபோதும் அந்த அம்மையாரைத் தம் முதல் ஆசிரியையாகவே மதித்து, தம் கட்டுரைகளை அனுப்பி வந்தார். சிறுமியர்க்காக ஒரு பெண் எழுதிய புத்தகம் உலகின் தலைசிறந்த விஞ்ஞானி ஒருவரை உருவாக்கியதில் எங்கள் வகுப்புக்குத் தனிப் பெருமை!

கொல்லராயிருந்த அண்ணன் ராபர்ட் கொடுத்த ஒவ்வொரு ஷில்லிங்கும் ஒவ்வொரு விஞ்ஞானச் சொற்பொழிவுக்குக் கட்டணமாயிற்று. 1812இல் கடைக்கு வந்த ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய உரைகளுக்குச் சீட்டுக் கொடுத்தார். பாரடே நான்கு உரைகளைக் கேட்டார். கேட்டதை முந்நூறு பக்கமளவுக்குப் படங்களோடு எழுதி, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது. 1813 மார்ச் முதல் நாள், வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் அங்கே உதவியாளரானார். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன.

அந்த ஆண்டே டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், அவன் வேலையையும் சில நாள் பார்க்கும்படி பாரடேயிடம் சொன்னார்கள். அந்தச் சில நாள் முடியவே இல்லை. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் வெறுத்து ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட பாரடே எண்ணினார். ஆனால் பாரீசில் ஆம்பியரையும், இத்தாலியில் முதியவர் வோல்டாவையும் காணும் பேறு அந்தப் பயணத்தில்தான் கிடைத்தது. பொறுத்துக்கொண்டார்.

இதைவிடப் பெரிய சோதனை 1821இல் வந்தது. மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று டென்மார்க்கின் அயர்ஸ்டெட் முந்திய ஆண்டு கண்டறிந்திருந்தார். பாரடே ஒரு படி மேலே சென்று, மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மின் மோட்டாரின் விதை அது. அவசரமாக அதை வெளியிட்டபோது, அதே துறையில் முயன்றுகொண்டிருந்த வொலாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உடனே, பிறர் கருத்தைத் திருடிவிட்டான் பைண்டர் பையன் என்ற பழி எழுந்தது. வொலாஸ்டனோ வேறு ஒன்றைத் தேடியிருந்தார். கம்பி தன் அச்சிலேயே சுழலும் என்பது அவர் எண்ணம். பாரடே நேரே அவரிடம் சென்று விளக்கினார். எனினும் 1823இல் ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் சங்கத்துக்குப் பாரடே பெயரை நண்பர்கள் முன்மொழிந்தபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். கைதூக்கிவிட்டவரே தடுத்தால் மனம் என்ன பாடுபடும்! விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொன்னபோது பாரடே பணிவாக மறுத்துவிட்டார். 1824 ஜனவரியில் ஒரே ஓர் எதிர்வாக்குடன் தேர்வு பெற்றார். அதன் பிறகும் டேவியைப் பற்றி நன்றியோடு பேசினாரே தவிரக் குறை கூறவில்லை. எங்களால் இப்படி இருக்க முடியுமா என்பது சந்தேகமே.

இனி டைனமோவுக்கு வருவோம். மின்சாரத்திலிருந்து காந்தம் பிறக்கிறது என்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் பிறக்காதா? 1820களில் இக்கேள்வி பலரையும் வாட்டியது. 1825இல் ஜெனீவாவில் கொலாடன் என்பவர் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். காந்தம் அளவு கருவியைப் பாதிக்கக்கூடாதே என்று கருவியைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு அவர் நடந்து போய்ப் பார்ப்பதற்குள், அசைந்த முள் மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கூட ஒரு மாணவன் இருந்திருந்தால் அந்தப் புகழ் ஜெனீவாவுக்கு!

பாரடேயும் பலமுறை தோற்றார். 1831 ஆகஸ்டு 29 அன்று இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றில் பாட்டரியை இணைத்ததும், மற்றதன் முள் அசைந்து நின்றுவிட்டது. பாட்டரியை எடுத்ததும் எதிர்ப்புறம் அசைந்தது. இடைநேரத்தில் அசைவே இல்லை. மற்றவர்கள் இதைக் கருவியின் கோளாறு என்று தள்ளியிருப்பார்கள். பாரடே பிடித்துக்கொண்டார். அக்டோபர் 17இல் வெறும் காந்தத் தண்டைச் சுருளுக்குள் செலுத்தி இழுத்தார், முள் அசைந்தது. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை, அது நகரும்போதுதான் மின்சாரம் என்பது தெளிவாயிற்று. அக்டோபர் 28இல் பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். உலகின் முதல் ஜெனரேட்டர் அதுவே.

சைக்கிள் டைனமோவுக்குள் நடப்பதும் இதுதான். கம்பிச் சுருள் அசையாமல் இருக்க, அதன் அருகே காந்தம் சுழல்கிறது. சொல்லப்போனால் டைனமோ என்ற பெயரே இதற்குப் பொருந்தாது. தான் உண்டாக்கும் மின்சாரத்தாலேயே தன் காந்தத்தை வலுவாக்கிக்கொள்ளும் பெரிய எந்திரங்களுக்கு 1867 வாக்கில் வந்த பெயர் அது. சைக்கிளில் இருப்பது நிலைக்காந்தம். பாரடேயின் மேசைக்கு இன்னும் நெருக்கமானது.

விளக்குக்காக டைனமோ வாங்க எண்ணும் அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் சில செய்திகள். டயரில் உராயும் பாட்டில் டைனமோ விலை குறைவு. பகலில் டயரிலிருந்து விலக்கி வைத்துவிடலாம். ஆனால் மழையில் டயர் நனைந்தால் வழுக்கும், விளக்கு மங்கும், கிர்ரென்று சத்தமும் போடும். முன் சக்கரத்தின் ஹப்பிலேயே அமைந்த டைனமோ விலை அதிகம். அதற்காகச் சக்கரத்தையே புதிதாகக் கம்பி கோக்க வேண்டும். ஆனால் மழைக்கு அஞ்சாது, சத்தமில்லை, மிதிப்பதும் இலகு. இரவெல்லாம் செல்பவர்க்கு ஹப் டைனமோவே ஏற்றது என்பது எங்கள் முடிவு. இரண்டும் பொதுவாக 6 வோல்ட், 3 வாட் தருபவை. அந்த அளவை எட்ட மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பழைய பல்புக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு பொருத்தினால் இந்தக் கொஞ்ச மின்சாரத்திலேயே சாலை நன்கு தெரியும். காந்தம் நின்றால் மின்சாரமும் நிற்கும் என்று பாரடே கண்டாரே, அதனால் ரயில்வே கேட்டில் நிற்கும்போது விளக்கு அணையும். மின்தேக்கி உள்ள விளக்காக வாங்கினால் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும்.

கைபேசிக்கு வேண்டியது 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். டைனமோ தருவதோ மாறுதிசை மின்னோட்டம். ஆகவே இடையில் அதை மாற்றித் தரும் சிறு கருவி தேவை. நேரே கைபேசியில் இணைத்தால், வண்டி நிற்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். பகலில் பவர் பேங்க் ஒன்றை நிரப்பிவிட்டு, அதிலிருந்து கைபேசிக்குக் கொடுப்பது நல்லது. இரவில் டைனமோ முழுவதும் விளக்குக்கே. ஒரு கைபேசியை நிரப்ப ஆறு மணி நேரமேனும் விடாமல் மிதிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது! டைனமோவை இயக்கியதும் பெடல் கனப்பது ஏன் என்று தம்பி தங்கையர் கேட்பார்கள். மின்சாரம் இலவசமன்று, அது நம் காலின் உழைப்பிலிருந்து வருகிறது.

பாரடேயும் தம் கண்டுபிடிப்பைக் காசாக்க நினைக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை கூறி நல்ல வருமானம் பெற்று வந்தவர், இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் அதைக் குறைத்துக்கொண்டு ஆராய்ச்சியிலேயே மூழ்கினார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். சாண்டிமானியர் என்ற சிறிய சபையினர். மண்ணுலகில் செல்வம் சேர்க்கலாகாது என்ற வேத வாக்கை அச்சபையார் சொல்லுக்குச் சொல் ஏற்றவர்கள். மனைவி சாராவும் அச்சபையினரே. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்க்கு விஞ்ஞான உரை நிகழ்த்துவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. 19 முறை நிகழ்த்தியிருக்கிறார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் நிகழ்த்திய ஆறு உரைகள் 1861இல் நூலாகிப் பல மொழிகளில் வந்துள்ளன. கணிதம் அவருக்கு வராது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் இருப்பதாக மனக்கண்ணால் கண்டு சொன்னார்; அதைச் சமன்பாடுகளாக்கியவர் பின்வந்த மேக்ஸ்வெல். கணக்குப் பரீட்சைக்கு முந்திய இரவில் இதை நினைத்து நாங்கள் ஆறுதல் அடைவதுண்டு. சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.

தம் மின்சாரம் விளக்காக எரிவதை அவர் கண்ணாரக் கண்டார். கலங்கரை விளக்கங்களுக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்த காலத்தில், டோவர் அருகே சவுத் போர்லாந்தில் நீராவி எந்திரத்தால் காந்தங்களைச் சார்ந்த மின்னாக்கியைச் சுழற்றி விளக்கேற்றும் சோதனை 1858 டிசம்பரில் தொடங்கியது. அதை மேற்பார்வையிட 1860 பிப்ரவரியில் கடும் பனியில் புறப்பட்டார். முதல்முறை பாதை மூடிக்கிடந்ததால் திரும்ப நேர்ந்தது. அதே வாரம் மறுபடி போனார். வண்டி செல்ல வழியில்லை. 68 வயதில் வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து, வயல்கள் வழியே நடந்து, விளக்கைச் சோதித்துவிட்டே திரும்பினார்.

அப்போது அவருக்கு நினைவாற்றல் குன்றத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடிவந்தபோது மறுத்துவிட்டார். சர் பட்டத்தையும் விரும்பவில்லை. விக்டோரியா அரசி அளித்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், 1867 ஆகஸ்டு 25 அன்று நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்படுவதை அவர் விரும்பவில்லை. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு எழுப்பிய கல்லில் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் பொறித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சாராவையும் அவர் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.