வகுப்பறைக்குள் தாய்மாரை அழைத்த அன்னை

ஜூன் மாதத்திலே பள்ளி திறக்கும் முதல் நாள். நம் தொடக்கப் பிரிவின் வாயிலில் அன்று காணும் காட்சியை ஆண்டு முழுவதும் மறக்க முடிவதில்லை. புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளி வரும் பிஞ்சுகள் சில. தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்று அழும் பிஞ்சுகள் சில. சின்ன வெங்காயம் அறுக்கும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருப்பாள் ஒரு தாய். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் கணவர் வெளியே போயிருக்க, அரியலூரிலிருந்து தனியே மகளைக் கூட்டி வந்திருப்பாள் மற்றொருத்தி. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு இருவரும் படிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். எழுத்தறியாத நமக்கு வகுப்பறைக்குள் என்ன வேலை என்ற கூச்சம் அவர்கள் முகத்திலே தெரிகிறது.

அந்தப் படியைத் தாண்டி உள்ளே வாருங்கள் என்று தாய்மாரை அழைத்த பெண்மணி ஒருவர் இருந்தார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். மாண்டிசோரி பள்ளி என்றால் வசதி படைத்தோர் பிள்ளைகள் பயிலும் பள்ளி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அது பிறந்த இடம் கூலித் தொழிலாளர் குடியிருப்பு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரிலே மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ, அரசாங்க நிதித்துறை அலுவலர். தாயார் ரெனில்தே, நூல்களை நேசித்தவர். மரியாவின் ஐந்தாம் வயதில் குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது. பெண்ணுக்கு ஆசிரியப் பணியே தகுந்தது என்பது தந்தையின் எண்ணம். மகளோ முதலில் பொறியியலை விரும்பினார். பின்னர் மருத்துவத்தை நாடினார். தந்தை தடுத்தார், தாய் தாங்கினார்.

மருத்துவக் கல்லூரியிலே அவர் பட்ட இடர் கொஞ்சமன்று. ஆண் மாணவரோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்றனர். எல்லாரும் வீடு சென்ற பின்னர், அந்தக் கூடத்திலே தன்னந்தனியாக நின்று அவர் அந்தப் பாடத்தைப் படித்து முடித்தார்! 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று, அவருக்கு முன்னரும் சிலர் இருந்தனர். ஆயினும் அந்த நாளில் அப்பட்டம் பெற்ற மிகச் சில பெண்களுள் அவரும் ஒருவர்.

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்காரர் விடுதிகளில் அடைத்து வைத்திருந்த காலம் அது. அவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமன்று, கையால் தொட்டுப் பயிலும் கல்வியும்தான் என்று கண்டார் மாண்டிசோரி. 1900இல் அத்தகைய குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அவரிடம் பயின்றவர்களில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே வெற்றி பெற்றனர். ஊரார் வியந்தனர். அவருக்கோ வேறு கவலை பிறந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேறுவார்களானால், குறையற்ற குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்ற கவலை அது.

விடை தேடும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது வறியவர் வாழும் பகுதி. அங்கே பாழடைந்து கிடந்த கட்டடங்களை ஒரு நிறுவனம் செப்பனிட்டுத் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பின்பு, கேட்பாரற்ற சிறுவர் படிக்கட்டுகளில் திரிந்து புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காப்பதற்காகவாவது குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க வேண்டும் என்று நிறுவனத்தார் கருதினர். அந்தப் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஏறக்குறைய ஐம்பது குழந்தைகளோடு அந்த அறை திறக்கப்பட்டது. அதன் பெயர் குழந்தைகளின் இல்லம்.

இல்லம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தில் குடியிருந்தோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் பெற்றோருக்குச் சில கடமைகள் இருந்தன. குறித்த நேரத்தில், உடலும் உடையும் தூய்மையாகப் பிள்ளையை அனுப்ப வேண்டும். ஆசிரியைக்கு மதிப்புத் தர வேண்டும். வாரம் ஒரு முறையேனும் தாய் ஆசிரியையைச் சந்தித்துத் தன் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருந்தார். தாய்மார் எந்த நேரமும் வந்து வகுப்பைப் பார்க்கலாம். இந்தப் பள்ளி உங்களுடைய சொத்து என்று ஏழை மக்களிடம் சொல்லாமற் சொன்ன ஏற்பாடு அது!

அங்கே ஒரு நாள் எப்படித் தொடங்கியது தெரியுமா? பிள்ளைகள் வந்தவுடன் வணக்கம் சொல்வர். கை, நகம், கழுத்து, காது, பல் எல்லாம் தூய்மையா என்று பார்ப்பர். மேலாடையை அணிய ஒருவருக்கொருவர் உதவுவர். பிறகு அறையைச் சுற்றி வந்து, எங்கேனும் தூசி இருந்தால் தாமே துடைப்பர். அதன் பின்னர் அமர்ந்து, முதல் நாள் வீட்டிலே நடந்ததைப் பற்றிப் பேசுவர். வீட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கதையே முதற் பாடம்! அப்புறம் புலன்களுக்கான பயிற்சி, உடற்பயிற்சி, சிறு செபத்தோடு மதிய உணவு, விளையாட்டு, களிமண் வேலை, பாட்டு, செடிகொடிகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் பேணுதல் என்று நாள் நகரும்.

ஒரு நாள் மூக்கைச் சத்தமின்றிக் கைக்குட்டையால் துடைப்பது எப்படி என்று காட்டினார் அம்மையார். குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர்! மூக்கைச் சிந்தாதே என்று திட்டு வாங்கியே பழகிய அவர்களுக்கு, அதை மதிப்போடு கற்றுக்கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. மற்றொரு நாள், முற்றத்தில் ஒரு தாயின் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டு வந்தார். அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். அதைப் போலவே தாங்களும் அமைதியாக இருக்கப் பார்த்தது அந்த வகுப்பு. புகழ்பெற்ற மௌன விளையாட்டு அப்படித்தான் தோன்றியது. பிரம்பு செய்யாததை ஒரு கைக்குழந்தை செய்துவிட்டது.

இனி, நம் உள்ளத்தை மிகவும் தொடும் செய்தி. அவ்வளவு இளம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் மாண்டிசோரிக்கு முதலில் இல்லை. கற்பிக்க வேண்டும் என்று வந்து கேட்டவர்கள் தாய்மாரே. அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்! அவர்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டித் தந்தார் அவர். குழந்தைகள் அவற்றை விரலால் தடவித் தடவி ஒலியைச் சொல்லிப் பழகினர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிய முன்னோர் இதைக் கண்டால் புன்னகைத்திருப்பர். டிசம்பர் மாதத்து வெயிலில் ஒரு நாள் மொட்டைமாடியில், சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் புகைபோக்கியின் படத்தை வரைந்தான். திடீரென்று, தன்னால் எழுத முடிகிறது என்று கூவினான். சொற்களைத் தரையில் எழுதத் தொடங்கினான். அவனைப் பார்த்து மற்றவரும் எழுதினர். தரை, சுவர், கதவு எல்லாம் எழுத்து! வீட்டிலே ரொட்டியின் மேல்கூட எழுதினார்களாம். கற்றவர்களின் யோசனையால் அன்று, கல்லாத தாயரின் ஏக்கத்தால் பிறந்த அற்புதம் இது.

இத்தனை தாய்மாரை வகுப்பறைக்கு அழைத்தவரின் தாய்மையோ கண்ணீரில் நனைந்தது. 1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நடவாத நிலையில், அக்காலச் சமுதாயத்துக்கு அஞ்சி, நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் அவனை வளர்க்கக் கொடுக்க நேர்ந்தது. அவ்வப்போது சென்று பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். 1912இல் ரெனில்தே அம்மையார் மறைந்த பிறகே, பதினைந்து வயதை எட்டிய மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன்பின் அவரை விட்டு அவன் பிரியவில்லை. ஆயினும் உலகத்தின் முன் மகன் என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அம்மையாரின் முறை நாடெங்கும் பரவியது. முசோலினி ஆட்சியோடு மனம் ஒவ்வாமல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936இல் உள்நாட்டுப் போர் அவரை ஸ்பெயினிலிருந்தும் துரத்தியது. 1939ஆம் ஆண்டு, தம் அறுபத்தொன்பதாம் வயதிலே, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் பிள்ளைகளின் எழுத்தோடு உறவு கொண்டவர்களில் அவர் முதல்வர் அல்லர். இரு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் அரியலூர்ச் சீமையில், ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் மயங்காதபடி எழுத்தைச் சீர் செய்தார். முனிவர் எழுத்தைத் திருத்தினார். அம்மையார் எழுத்தைத் தொடும் விரலுக்கு வழி காட்டினார்.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளிலே நடந்த முதற் பயிற்சிக்கு முந்நூறு பேர் அளவில் வந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது; அம்மையாரும் அடையாற்றை விட்டு அகல முடியாத நிலை. அவ்வாண்டு ஆகஸ்டு 31இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிக்கிறோம் என்பது அதன் கருத்து. வளர்ப்பு மகன் என்றே உலகம் அறிந்திருந்த மரியோவை, மகன் என்றே குறித்து வந்த தந்தி அது! நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு தாய் காத்திருந்த சொல் தமிழ் மண்ணிலே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

பின்னர்க் கோடைக்கானலிலும் இலங்கையிலும் இந்தியாவின் பல நகரங்களிலும் அவர் பயிற்சி அளித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹாலந்து நாட்டின் நோர்ட்விக் என்னும் கடலோர ஊரில் மறைந்தார். அங்கேயே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நட்ட விதை நம் ஊர்ப்புறத்திலும் முளைத்தே இருக்கிறது. 2007இல் தமிழக அரசுப் பள்ளிகள் எங்கும் வந்த செயல்வழிக் கற்றலிலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும், பிள்ளைகள் தத்தம் நிலைக்கேற்பக் கற்றதைக் கண்டோம். ஆனால் வாயிற்படியில் நிற்கும் அந்தத் தாய்? அவளை நாம் எப்போது அழைக்கிறோம்? மதிப்பெண் குறைந்தபோது, அல்லது பிள்ளை குறும்பு செய்தபோது. இந்தக் குறையை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே அன்புத் தாய்மாரே, தந்தைமாரே! அடுத்த ஜூனில் படிக்கு வெளியே நிற்காதீர்கள். உள்ளே வந்து பாயில் பத்து நிமிடம் அமருங்கள். உங்கள் மகள் பையை எங்கே மாட்டுகிறாள், எந்த எழுத்தை எப்படித் தடவுகிறாள் என்று பாருங்கள். நேற்று வீட்டில் நடந்த கதையை அவள் சொல்லும்போது கேளுங்கள். எழுத்துத் தெரியாதே என்று கூச வேண்டாம். சான் லொரென்சோவில் எழுத்தை வகுப்பறைக்குள் அழைத்து வந்தவர்கள், எழுத்தறியாத தாய்மாரே அல்லவா?