மேக்கப் இல்லாமல் நடித்த கவர்ச்சி ராணி

இங்கிலாந்தில் சுவிண்டன் என்று ஓர் ஊர். ரெயில் என்ஜின் கட்டும் பட்டறையால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு ரெயில்வே குமாஸ்தாவின் மகளாக 1931-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி பிறந்தவர் டயானா டார்ஸ்.

ரெயில்வே குமாஸ்தா வீட்டு வரவு-செலவு எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவை இல்லை. ஆனாலும் அந்தச் சிறுமிக்குச் சினிமா நட்சத்திரம் ஆகவேண்டும் என்று தீராத ஆசை.

13 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி அழகுப் போட்டியில் கலந்து கொண்டார். மூன்றாவது பரிசு கிடைத்தது. பிறகு லண்டன் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். படிக்கும்போதே "தி ஷாப் அட் ஸ்லை கார்னர்" என்ற குற்றப் படத்தில் சிறு வேடம் வந்தது. குடும்பப் பெயரான "ஃபிளக்" விளம்பரத்துக்குச் சரிப்படாது என்று, பாட்டி வழிப் பெயரான "டார்ஸ்" ஒட்டிக் கொண்டது.

1951-ல் டென்னிஸ் ஹாமில்டன் என்பவரை மணந்தார். மனைவியைச் சரக்காக விற்கத் தெரிந்த மனிதர் அவர். 1955-ல் வெனிஸ் நகரக் கால்வாயில், ரோம நீச்சல் உடையில் டயானாவைப் படகில் ஏற்றிப் படம் பிடிக்க வைத்தார்கள். பத்திரிகைகள் "இங்கிலாந்தின் மர்லின் மன்றோ" என்று எழுதின. அந்தப் பட்டம் டயானாவுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் அல்ல. அவருக்கு நடிக்கவும் தெரியும் என்பது யாருக்கும் நினைவு இல்லாமல் போய்விட்டது.

ஜெயில் அறை

அந்த நேரத்தில்தான் 1956-ல் "ஈல்டு டு தி நைட்" என்ற கறுப்பு-வெள்ளைப் படம் வந்தது. டைரக்டர் ஜே.லீ.தாம்சன். "மெக்கன்னாஸ் கோல்டு" பார்த்தவர்களுக்கு இவரைத் தெரியும். மூலக்கதை எழுதிய ஜோன் ஹென்றி, தாமே ஜெயிலில் இருந்து வந்தவர்.

கதாநாயகி மேரி ஒரு கடைக்காரப் பெண். தன் காதலன் உயிரை விடக் காரணமான பணக்காரியை நடுத்தெருவில் சுட்டுக் கொல்கிறாள். இது படத்தின் ஆரம்பம். பிறகு ஏறக்குறைய முழுப் படமும் தூக்குக் கைதியின் அறைதான். இரவும் பகலும் அணையாத விளக்கு. மாறி மாறிக் காவல் இருக்கும் பெண் வார்டர்கள். தூக்கு மேடைக்குப் போகும் கதவு, படுக்கையில் இருந்து பார்த்தாலே தெரிகிறது. கருணை மனுவுக்குப் பதில் வருமா என்று அவள் நாட்களை எண்ணுகிறாள். மனு நிராகரிக்கப்படுகிறது.

டயானா மேக்கப் போடவில்லை. சாயம் போட்ட முடியின் அடியில் சொந்த நிறம் தெரிய, ஜெயில் உடுப்பில் நடித்தார். மேரி செய்த கொலைக்குப் படம் சமாதானம் சொல்லவில்லை. என்றாலும் கடைசிக் காட்சியில் அவள் அந்தக் கதவை நோக்கி நடக்கும்போது பார்ப்பவர் நெஞ்சு அடைத்துக் கொள்ளும்.

நிஜத்திலும் ஒருத்தி

ரூத் எல்லிஸ் என்ற 28 வயதுப் பெண், காதலனைச் சுட்டுக் கொன்றதற்காக 1955 ஜூலை 13-ல் லண்டன் ஹாலோவே ஜெயிலில் தூக்கிலிடப்பட்டாள். அவளும் வெளிர்முடி அழகி. அவள் கதைதான் படமானது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் நாவல் 1954-லேயே வெளிவந்துவிட்டது. இதைவிட வியப்பு, 1951-ல் டயானா நடித்த "லேடி கொடைவா ரைட்ஸ் அகெய்ன்" படத்தில் அழகுப் போட்டிப் பெண்கள் கூட்டத்தில் ரூத்தும் நின்றிருக்கிறாள்!

இங்கிலாந்தில் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் தூக்கிலிடப்படவில்லை. கொலைக்குத் தூக்கு 1965-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1969-ல் நிரந்தரமாக ஒழிந்தது.

இப்படி ஒரு வேடம் டயானாவுக்கு மறுபடி வரவே இல்லை. ஹாலிவுட் போய்ப் பார்த்தார், கைகொடுக்கவில்லை. 1959-ல் ஹாமில்டன் இறந்தார். அதே ஆண்டில் செய்த இரண்டாவது திருமணமும் முறிந்தது. 1968-ல் வருமான வரி பாக்கியால் திவாலானார். அந்த வருஷமே நடிகர் ஆலன் லேக்கை மணந்தார். உடல் பருத்த பிறகும் கூச்சப்படாமல் சிறு வேடங்களிலும் டெலிவிஷனிலும் தோன்றினார்.

1984 மே 4-ந் தேதி புற்றுநோயால் காலமானபோது டயானாவுக்கு வயது 52. பிரிவைத் தாங்காத ஆலன் லேக், ஐந்து மாதம் கழித்துத் தற்கொலை செய்து கொண்டார்.