மறதி நோயைக் கண்ட டாக்டர்

1901-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனி நாட்டில், பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனை.

ஒரு டாக்டர், 51 வயது அம்மாள் ஒருவரின் எதிரே உட்கார்ந்தார். பென்சில், பேனா, பணப்பை, சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றின் பெயரையும் அந்த அம்மாள் சரியாகச் சொன்னார்.

சற்று நேரம் சென்றது. முன்பு காட்டிய பொருள்கள் என்னென்ன என்று டாக்டர் கேட்டார். அம்மாளால் சொல்ல முடியவில்லை! பெயரை எழுதச் சொன்னார். 'திருமதி' என்று எழுதத் தொடங்கியவர், மீதியை மறந்துபோனார்.

அந்த டாக்டர்தான் அலாய்ஸ் அல்சைமர்.

கணவரின் கவலை

அல்சைமர் 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பிறந்தார். மருத்துவம் படித்து, 1888-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மற்ற நேரத்தில் மைக்ராஸ்கோப்பும் கையுமாக இருந்தார்.

1901-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மனைவி இறந்தார். குழந்தைகள் மூவர். அந்தத் துயர ஆண்டில்தான் அகஸ்டே என்ற அந்த அம்மாள் மருத்துவமனைக்கு வந்தார்.

நன்றாகக் குடும்பம் நடத்தியவர், சமையலில் தவறு செய்தார். பொருள்களை ஒளித்து வைத்தார். கணவரைச் சந்தேகித்தார். செய்வது அறியாமல் கணவர் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்.

யாரும் கேட்கவில்லை

அல்சைமர் பிறகு மியூனிச் நகருக்குப் போனார். ஆனாலும் அகஸ்டேயை மறக்கவில்லை. 1906-ல் அம்மாள் இறந்ததும், அவருடைய மூளையை வரவழைத்துச் சோதித்தார். மூளை சுருங்கியிருந்தது. உயிரணுக்களுக்கு இடையே படிவுகள் இருந்தன. அணுக்களுக்குள் இழைகள் சிக்கிக் கிடந்தன. இது வெறும் பைத்தியம் அல்ல. மூளையில் உண்டான நோய்!

அந்த ஆண்டு நவம்பர் 3-ந் தேதி டூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

1910-ல் பேராசிரியர் கிரேப்பலின் தமது நூலில் அதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். 1915-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி அல்சைமர் காலமானார். அப்போது அவருக்கும் வயது 51!

இன்றும் அதே சோதனை

இன்றும் டாக்டர்கள் சில சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்கிறார்கள். மறதியின் தொடக்கத்தை அறிய இது ஒரு வழி.

சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உள்ளது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும், பழகிய சமையலில் தடுமாறுவதும் வேறு. அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஆகவே, வீட்டுப் பெரியவர்கள் தடுமாறினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.