வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர்

வில்ஹெல்ம் யூலியஸ் ஃபோர்ஸ்டர் (டிசம்பர் 16, 1832 – ஜனவரி 18, 1921) ஒரு ஜெர்மானிய வானியலாளரும் அமைதி இயக்கச் செயற்பாட்டாளரும் ஆவார். பெர்லின் வானாய்வகத்தின் இயக்குநராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1914 இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுடன் இணைந்து போருக்கு எதிரான அறிக்கையொன்றை ஆதரித்த மிகச் சிலருள் இவரும் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

பிரஷ்யாவின் சிலேசியாப் பகுதியிலிருந்த குரூன்பெர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று போலந்து நாட்டில் சியலோனா கூரா என்னும் பெயரில் உள்ளது. பெர்லினிலும் பான் நகரிலும் பயின்று 1854 இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு யோகான் என்கே தலைமையிலிருந்த பெர்லின் வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1846 இல் நெப்டியூன் கோள் கண்டுபிடிக்கப்பட்டது இவ்வாய்வகத்திலேயே ஆகும். என்கேயின் மறைவுக்குப் பின் 1865 இல் ஃபோர்ஸ்டர் அதன் இயக்குநரானார்.

சிறுகோள் ஆய்வு

1860 செப்டம்பர் 14 அன்று ஓஸ்கார் லெசருடன் சேர்ந்து 62 எராட்டோ என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். இருவர் கூட்டாகக் கண்டறிந்ததாகப் பதிவான முதல் சிறுகோள் இதுவாகும். அக்காலத்தில் சிறுகோள்களின் எண்ணிக்கை விரைவாகப் பெருகியது. பாதையைக் கணித்து, அடுத்து எங்கே தோன்றும் என முன்னறிவிக்காவிடில் அவற்றை மீண்டும் காண்பது அரிது. இக்கணிப்புகளை வெளியிட்டு வந்த பெர்லின் வானியல் ஆண்டேட்டின் பதிப்புப் பொறுப்பையும் ஃபோர்ஸ்டர் ஏற்றார்.

பொதுமக்களிடம் அறிவியலைக் கொண்டு செல்ல 1888 இல் பெர்லினில் யுரேனியா கழகத்தை நிறுவியோருள் இவர் முதன்மையானவர். பூமிக்கு அருகில் வரும் 433 ஈரோசு சிறுகோளை 1898 இல் குஸ்தாவ் விட் இக்கழகத்தின் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தார்.

பன்னாட்டு ஒத்துழைப்பு

எல்லா நாடுகளும் ஒரே அளவு முறையைக் கையாள வேண்டும் என்பதற்காக ஃபோர்ஸ்டர் உழைத்தார். எடைகள், அளவுகளுக்கான பன்னாட்டுக் குழுவின் தலைவராக 1891 முதல் 1920 வரை இருந்தார். இக்குழுவின் பணியகம் பாரிசுக்கு அருகே செவ்ரே என்னுமிடத்தில் அமைந்திருந்தது. ஜெர்மனியும் பிரான்சும் போரிட்ட ஆண்டுகளிலும் இவரே தலைவராக நீடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அமைதிப் பணி

1892 இல் ஜெர்மானிய நன்னெறிப் பண்பாட்டுக் கழகத்தை நிறுவுவதில் முன்னின்றார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஜெர்மானிய அமைதிக் கழகத்திலும் பங்கு கொண்டார்.

1914 அக்டோபரில் 93 ஜெர்மானிய அறிஞர்களும் கலைஞர்களும் தம் நாட்டின் போர்ச் செயல்களை ஆதரித்து அறிக்கை வெளியிட்டனர். அதில் ஃபோர்ஸ்டரின் பெயரும் இருந்தது. ஆயினும் சில நாட்களில் மருத்துவர் கியோர்க் பிரீட்ரிக் நிக்கோலாய் ஐரோப்பிய ஒற்றுமையை வலியுறுத்தி எதிர் அறிக்கை ஒன்றை எழுதியபோது, ஃபோர்ஸ்டர் அதனை ஆதரித்துக் கையொப்பமிட்டார். அப்போது அவருக்கு அகவை 81. நிக்கோலாயையன்றி ஐன்ஸ்டைன், ஓட்டோ புயெக், ஃபோர்ஸ்டர் ஆகிய மூவர் மட்டுமே அதனை ஏற்றனர். போதிய ஆதரவு கிட்டாமையால் அது அப்போது வெளியிடப்படவில்லை. 1917 இல் சூரிச்சில் வெளியான நிக்கோலாயின் நூலிலேயே அது அச்சேறியது.

மறைவும் நினைவும்

ஃபோர்ஸ்டர் பொட்சுடாமை அடுத்த போர்னிமில் காலமானார். இவருடைய மகன் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டரும் போர் எதிர்ப்பாளராக அறியப்பட்ட மெய்யியலாளர் ஆவார். 6771 ஃபோர்ஸ்டர் என்னும் சிறுகோள் இவர் நினைவாகப் பெயரிடப்பட்டுள்ளது.